வழிபட ஓர் இடம் – 9: ஐம்பதா, நூற்றேழா?

மூன்று இருக்கைக்கு ஒரு கார். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள பெர்னார்ட்ஸ் டவுன்ஷிப்பில், சர்ச் கட்ட வருபவர்களுக்கு இருந்த கணக்கு இதுதான். அந்த விகிதத்தில் கார் நிறுத்த இடம் காட்டிவிட்டால் போதும். 2012 ஏப்ரலில் அவ்வூர் இஸ்லாமியச் சங்கம் மசூதி கட்ட விண்ணப்பித்தபோது இதே கணக்கைத்தான் போட்டது. தொழ வருகிறவர்கள் 150 பேர். மூன்றால் வகுத்தால் 50. வரைபடத்தில் 50 இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள்.

திட்டக் குழு ஏற்கவில்லை. 107 இடம் வேண்டும் என்றது.

அந்தக் கூடுதல் 57 இடங்களுக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் 39 முறை பொது விசாரணை நடந்தது. கார் நிறுத்துமிடம் பெரிதானால் மழைநீர் வடிய வேறு ஏற்பாடு வேண்டும். வடிகாலை மாற்றினால் மற்ற வரைபடங்களையும் திருத்த வேண்டும். ஒன்றைச் சரிசெய்து கொண்டுபோனால் அடுத்த கேள்வி காத்திருக்கும். 2015 டிசம்பரில் குழு வாக்களித்து, அனுமதி இல்லை என்று கைவிரித்தது.

சங்கத்தின் தலைவர் முகமது அலி சௌத்ரி ஊருக்குப் புதியவரும் அல்லர். 1970களிலிருந்து அங்கே குடியிருப்பவர். 2004இல் அதே டவுன்ஷிப்பின் மேயராக இருந்தவர். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சங்கம் லிபர்ட்டி கார்னர் பகுதியில் சுமார் நான்கு ஏக்கர் நிலத்தை வாங்கியபோது, அந்த மண்டலத்தில் வழிபாட்டுத்தலம் கட்ட விதிகள் இடம் கொடுத்தன. தெருவின் பெயரே சர்ச் தெரு. அதுவரை ஊர்ச் சமுதாயக்கூடத்தில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்திவந்தவர்கள், தங்களுக்கென்று ஒரு கட்டடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டது அவ்வளவுதான்.

வழிபட வருகிறவர்களுக்கும் ஊர் நிர்வாகத்துக்கும் ஏன் இப்படி முட்டிக்கொள்கிறது என்று புரிய, ‘ஜோனிங்’ என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இங்கே வீடு, இங்கே கடை, இங்கே ஆலை, இங்கே விவசாயம் என்று வரையறுப்பது ஜோனிங். ஓஹியோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூரின் வழக்கில் 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரத்தை அங்கீகரித்தது. வீட்டுக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலை வந்துவிடாமல் காப்பது இந்த ஏற்பாடுதான். அதன் தேவையை யாரும் மறுக்க முடியாது.

வழிபாட்டுத்தலம் எந்தப் பெட்டியில் அடங்கும் என்பதில்தான் குழப்பம். அது வீடும் இல்லை, கடையும் இல்லை. அதனால் பல ஊர்களில் அதற்கு ‘நிபந்தனை அனுமதி’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் ஒவ்வொன்றையும் குழு தனித்தனியாகப் பார்த்து, தன் விருப்புரிமைப்படி தரலாம், மறுக்கலாம். முடிவெடுக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதோ நியமிப்பதோ உள்ளூர்தான். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அவர்களுடைய அக்கம்பக்கத்தார். ‘இந்த மதத்தார் இங்கே வேண்டாம்’ என்று எந்தக் குழுவும் தீர்மானத்தில் எழுதாது. நெரிசல், சத்தம், வடிகால் என்று எழுதும். இவை உண்மையான கவலைகளாகவும் இருக்கலாம், வேறொன்றை மூடும் துணியாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்க்கும் வேலை நீதிமன்றத்தின் தலையில் விழுகிறது.

சென்ற வாரம் சொன்ன பெர்னி நகரத்து வழக்கு வாசகர்களுக்கு நினைவிருக்கும். டெக்சாஸில் 1923இல் கட்டிய புனித பேதுரு கத்தோலிக்கத் தேவாலயம். சுமார் 230 பேருக்குத்தான் இடம். ஞாயிறு பூசைக்கு வரும் கூட்டத்தில் நாற்பது, அறுபது பேர் இடமில்லாமல் தவித்தார்கள். விரிவுபடுத்தக் கேட்டபோது, பாரம்பரியக் கட்டடப் பகுதி என்று நகராட்சி மறுத்தது. பேராயர் பேட்ரிக் ஃபிளோரஸ் வழக்குத் தொடுத்தார். அவர் நம்பியிருந்த 1993ஆம் ஆண்டின் சமய சுதந்திர மீட்புச் சட்டம் மாநிலங்களையும் நகராட்சிகளையும் கட்டுப்படுத்தாது என்று 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய தேவாலயத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டலாம் என்று இரு தரப்பும் பிறகு சமரசம் செய்துகொண்டன. ஆனால் நாடெங்கும் இருந்த மற்ற சபைகளுக்குக் கையில் ஆயுதம் இல்லாமல் போனது.

அந்த ஓட்டையை அடைக்க 2000ஆம் ஆண்டில் வந்ததுதான் ‘ஆர்லூபா’ என்று சுருக்கி அழைக்கப்படும் சட்டம். குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்சும் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் கென்னடியும் சேர்ந்து முன்னெடுத்தார்கள். இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. செப்டம்பர் 22 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். சட்டத்தின் சாரம் சிக்கலானதன்று. நில விதிகளால் வழிபாட்டுக்குப் பெருஞ்சுமை விழுந்தால், அதற்குத் தவிர்க்க முடியாத பொதுநலக் காரணம் உண்டு என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். மதமற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக மத அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. ஒரு மதத்துக்கு ஒரு நீதி, இன்னொன்றுக்கு ஒரு நீதி என்று இருக்கவும் கூடாது.

சட்டம் வந்த மறு ஆண்டே கலிபோர்னியாவின் யூபா சிட்டியில் அதற்கு ஒரு சோதனை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பஞ்சாபிகள் வந்து குடியேறி, பீச் பழத்தோட்டம் போட்டு வேரூன்றிய வட்டாரம் அது. குருநானக் சீக்கியச் சங்கம் குடியிருப்புப் பகுதியில் 1.89 ஏக்கர் வாங்கி, ஒரே நேரத்தில் 75 பேருக்கு மேல் கூடாத சிறிய குருத்வாரா அமைக்க அனுமதி கேட்டது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். சத்தமும் வாகன நெரிசலும் வரும் என்று கூறி சட்டர் கவுன்டியின் திட்டக் குழு மறுத்துவிட்டது.

சரி, வீடுகளுக்கு அருகில் இருப்பதுதானே பிரச்சினை? சங்கம் ஊரை விட்டு விலகி, விவசாய மண்டலத்தில் 28.79 ஏக்கர் வாங்கியது. ஏற்கெனவே அங்கே நின்ற ஒரு வீட்டைக் குருத்வாராவாக மாற்றினால் போதும் என்றது. அதிகாரிகள் விதித்த நிபந்தனைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டது. திட்டக் குழுவும் இம்முறை 4-க்கு 3 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. ஆனால் மேல்முறையீடு கவுன்டியின் மேற்பார்வையாளர் குழுவுக்குப் போனது. அவர்கள் ஒருமனதாக ரத்து செய்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று: இடம் ஊரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, வளர்ச்சி தாவித் தாவிப் போகக் கூடாது.

கிட்டே வந்தால் வீடுகளுக்குத் தொல்லை. எட்டிப் போனால் வயல்களுக்குத் தொல்லை. அப்படியானால் எங்கேதான் போவது? இந்தக் கேள்விதான் வழக்கானது. 2006 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டு மறுப்புகளையும் தனித்தனியாகப் பார்க்காமல் சேர்த்துப் பார்த்தது. முதல் மறுப்பின் காரணத்தை வைத்து வீடுகள் உள்ள எந்த நிலத்திலும் மறுக்கலாம். இரண்டாவதின் காரணத்தை வைத்து ஊருக்கு வெளியே பெரும்பாலான நிலங்களில் மறுக்கலாம். இனி எந்த விண்ணப்பம் போட்டாலும் வெற்றி பெறும் வாய்ப்பு மிகக் குறைவு. இதுவே பெருஞ்சுமை என்று நீதிமன்றம் சொன்னது. அனுமதி வழங்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவு நிலைத்தது.

ஆர்லூபாவைக் காட்டினால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. அதே ஒன்பதாவது வட்டார நீதிமன்றம் 2004இல் மார்கன் ஹில் நகராட்சியின் பக்கம் நின்றது. பழைய மருத்துவமனை ஒன்றின் வளாகத்தைக் கல்லூரியாக மாற்ற விரும்பிய கிறிஸ்தவக் கல்லூரி, எல்லாரிடமும் கேட்கும் விவரங்களை முழுமையாகத் தராமலே வழக்குக்கு வந்திருந்தது. சிகாகோவில் தேவாலயச் சபைகள் சேர்ந்து தொடுத்த வழக்கிலும் 2003இல் நகரமே வென்றது. பெருநகரத்தில் நிலம் கிடைப்பது அரிது, விலை அதிகம், அலைச்சல் அதிகம். இவை நிலம் தேடும் எல்லாருக்கும் உள்ள கஷ்டங்கள்தான் என்றது நீதிமன்றம். ஊராட்சி எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தராசு சாய்கிறது.

பெர்னார்ட்ஸ் வழக்கின் உயிரும் அங்கேதான் இருந்தது. 2016 மார்ச்சில் இஸ்லாமியச் சங்கம் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடியது. நவம்பரில் அமெரிக்க நீதித்துறையும் டவுன்ஷிப் மீது தனியாக வழக்குப் போட்டது. டவுன்ஷிப் தரப்பின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கிறிஸ்தவர்கள் கூடுவது ஞாயிற்றுக்கிழமை, குடும்பமாக ஒரு காரில் வருவார்கள். முஸ்லிம்களின் பெருந்தொழுகை வெள்ளி நண்பகலில். வேலைநாள் என்பதால் அலுவலகத்திலிருந்து ஆளுக்கொரு காரில் வருவார்கள். ஆகவே மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு மசூதிக்குப் பொருந்தாது என்றார்கள்.

நீதிபதி மைக்கேல் ஷிப் 2016 டிசம்பர் 31 அன்று, ஆண்டின் கடைசி நாளில், தீர்ப்பளித்தார். விதியில் உள்ள ‘சர்ச்’ என்ற சொல்லுக்குள் மசூதியும் அடங்கும் என்றார். சர்ச்சுக்கும் யூத ஜெபாலயத்துக்கும் அனுமதி கொடுத்தபோது, அவர்கள் எந்தக் கிழமை கூடுகிறார்கள், காருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று குழு துருவிக் கேட்கவில்லை. மசூதி வந்தபோது மட்டும் கேட்டது. அந்த ஆராய்ச்சி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று ஆனபோது அது பாகுபாடு. அதோடு, குழு விரும்பியபடி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள இடம்தரும் கார் நிறுத்த விதி தெளிவற்றது என்றும் அவர் கூறினார்.

2017 மே மாதம் டவுன்ஷிப் சமரசத்துக்கு வந்தது. மசூதிக்கு அனுமதி; சங்கத்துக்கு 32.5 லட்சம் டாலர். அதில் 15 லட்சம் இழப்பீடு, 17.5 லட்சம் வழக்குச் செலவு. நீதித்துறையுடன் தனியாக ஓர் உடன்பாடும் ஆனது. வழக்கு நடந்ததற்கு முன்பே, 2013இல், ஊராட்சி தன் விதிகளைத் திருத்தி வழிபாட்டுத்தலத்துக்குக் குறைந்தது ஆறு ஏக்கர் வேண்டும் என்று ஆக்கியிருந்தது. சங்கத்தின் கையில் இருந்ததோ நான்கு ஏக்கர். இப்போது அந்த விதிகளையும் மாற்ற ஊராட்சி ஒப்புக்கொண்டது. அதிகாரிகளும் குழு உறுப்பினர்களும் ஆர்லூபா பற்றிப் பயிற்சி பெற வேண்டும் என்பதும் உடன்பாட்டில் சேர்ந்தது. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. கடைசியில் ஒப்புக்கொள்ளப்பட்ட கார் நிறுத்தக் கணக்கு, முதல் நாள் வரைபடத்தில் இருந்த மூன்றுக்கு ஒன்றுதான்.

அடுத்த வாரம் அட்லான்டிக்கைக் கடந்து இங்கிலாந்துக்கு. ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973இல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கு வாங்கிக் கொடுத்த ஒரு பழைய மாளிகை, கிருஷ்ண ஜயந்திக்கு ஆயிரக்கணக்கில் திரளும் பக்தர்கள், அவர்களின் வாகனங்கள் நுழையும் குறுகலான கிராமத்துத் தெரு, அங்கே குடியிருந்தவர்களின் குமுறல். லண்டன் வீதிகள்வரை வந்த அந்த வழக்கு எப்படி முடிந்தது?

(தொடரும்)