பிளாட்டினத்தின் வேலையைச் செம்பு செய்யுமா?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம் என்றால் அரசு சிமெண்ட் ஆலை. பக்கத்துச் சிவகாசி என்றால் பட்டாசு. இரண்டும் நெருப்பை நம்பிய தொழில்கள். காற்று போதாமல் எரிகிற நெருப்பில் கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். சிமெண்ட் சூளைப் புகையில் இது அளவு மீறினால், மின்சாரத் தூசிப்பிடிப்பானின் ஒரு பொறியே வெடிக்கச் செய்துவிடும். அதனால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். அந்த நேரத்தில் தூசி புகைபோக்கி வழியே வெளியேறும்.

இன்னும் ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்தால் போதும், இந்த நஞ்சு கார்பன் டை ஆக்சைடாகிவிடும். ஆனால் காற்றில் ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகப் பிணைந்திருக்கிறது. அதைப் பிரிக்கத்தான் வினையூக்கி வேண்டும். கார்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இதைச் செய்கின்றன. விலை அதிகம், குளிர்ந்த நிலையில் வேலையும் நடக்காது. பேருந்தில் முந்தி ஏறியவர்கள் எல்லா இருக்கைகளிலும் துண்டு போட்டுவிடுவதைப்போல, கார்பன் மோனாக்சைடு பிளாட்டினப் பரப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு இடமே இருக்காது.

இதற்கு வழி, வேலையைப் பங்கிடுவது. முதல் உலகப்போர்க் காலத்தில் உருவான ஹாப்கலைட்டில் செம்பு ஆக்சைடு கார்பன் மோனாக்சைடைப் பிடிக்க, மாங்கனீசு ஆக்சைடு ஆக்சிஜனைத் தருகிறது. அறை வெப்பத்திலேயே வினை நடக்கும். ஈரம் பட்டால் மட்டும் செயலிழந்துவிடும்.

இப்படி வேலையைப் பங்கிட இன்னொரு வழி, உலோகக் கலவை. பல உலோகங்களைக் கிட்டத்தட்டச் சம அளவில் கலக்கும் எண்ணத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எஸ். ரங்கநாதன் 2003-இல் எழுதினார். தைவானின் யே, பிரிட்டனின் கேன்டர் ஆகியோரின் இதே வகை ஆய்வுகள் 2004-இல் வெளிவந்தன. இரும்பு, செம்பு, நிக்கல், கோபால்ட் என அக்கம்பக்கத்தில் வெவ்வேறு அணுக்கள் அமரும்போது, கார்பன் மோனாக்சைடுக்கு ஓரிடமும் ஆக்சிஜனுக்கு ஓரிடமும் கிடைக்கும். கலவையில் அலுமினியத்தையும் சேர்த்து, பிறகு அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தெடுத்தால், எஞ்சும் உலோகம் நுண்துளைகளால் நிறையும். வினை நடக்கும் பரப்பு பல மடங்காகும்.

அலுமினியப் பொடியும் இரும்புத்தூளும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. கம்பி மத்தாப்பிலேயே அவை உண்டு. சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் எனக் கல்வி நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன. ஆய்வகத்தின் தூய வாயுவில் தேறுவது மட்டும் போதாது. ஈரம், கந்தகம், தூசி கலந்த உண்மையான புகையில் மாதக்கணக்கில் தாங்கும் வினையூக்கிதான் ஊருக்குப் பயன்படும். அந்தச் சோதனையை இங்கேயே தொடங்க வேண்டும்.