காடும் தீயும் – 9: தீ பிடித்தது என்றைக்கு?

அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மாநில எல்லையில் இருக்கிறது செல்வே-பிட்டர்ரூட் வனாந்தரம். உள்ளே சாலை கிடையாது. போக வேண்டுமானால் பெரும்பாலும் நடக்க வேண்டும், அல்லது குதிரையோ கோவேறு கழுதையோ வேண்டும். 1964-ல் வந்த வனாந்தரச் சட்டப்படி அங்கே மோட்டார் ரம்பத்தைக்கூட வேறு வழியில்லாத தேவைக்கு மட்டும்தான், அதுவும் மேலதிகாரியின் அனுமதியோடுதான் எடுக்கலாம். 1972 ஆகஸ்டில் அந்தக் காட்டில், பேட் லக் ஓடைப் பக்கம் மின்னல் இறங்கித் தீப்பிடித்தது.

காட்டில் எங்கே தீ பிடித்தாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பது 1935 முதல் அமெரிக்க வனத்துறையின் விதியாக இருந்தது. அந்த முறை மட்டும் யாரும் மண்வெட்டியோடு ஓடவில்லை. வனத்துறையைச் சேர்ந்த பாப் மட்ச், டேவ் ஆல்ட்ரிச் ஆகியோர் 1970 முதல் அந்தப் பள்ளத்தாக்கில் எங்கே என்ன மரம், எது எத்தனை ஆண்டுக்கொரு முறை எரிந்திருக்கிறது என்று ஆராய்ந்து, எந்தச் சரிவில் எந்தத் தீயை விட்டுவைக்கலாம் என்று திட்டம் தீட்டியிருந்தார்கள். அதற்கு மேலிட ஒப்புதல் கிடைத்த சூட்டோடு வந்த தீ இது. அந்த வனக்கோட்டத்தின் தலைமை அதிகாரி ஆர்வில் டேனியல்ஸ், எரியட்டும் என்று முடிவெடுத்தார். சில நாளில் அது தானாகவே அணைந்துபோனது. எரிந்த இடம் கால் ஏக்கர்கூடத் தேறாது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தை மாற்றிய தீ இவ்வளவு சின்னது.

இப்படி ஒரு சின்னத் தீயை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

நம் பக்கம் இடி பெரும்பாலும் மழையோடு வருகிறது. நம் காடுகளில் பிடிக்கும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதரால் வருவதுதான். அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கதை வேறு. கோடையில் மேகம் திரளும், மழை இறங்கும், தரை தொடுமுன் வறண்ட காற்றிலேயே ஆவியாகிவிடும். மின்னல் மட்டும் வந்து சேரும். அது இறங்கிய மரத்தில் உச்சியிலிருந்து வேர்வரை பட்டை உரிந்து, முறுக்கிக்கொண்டு இறங்கும் ஒரு வெள்ளைத் தழும்பு தெரியும். அன்றே தீ எழ வேண்டும் என்பதில்லை. மரத்தடியில் அரை முழ ஆழத்துக்குக் குவிந்து மட்கிய ஊசியிலைக்குள், உமி மூட்டம்போல, புகைகூடக் காட்டாமல் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்றும் வெயிலும் ஏறிய ஒரு மத்தியானத்தில் வெளியே வரும். ஆகவே இடிமேகம் போன பிறகு ஒரு வாரம், பத்து நாள்வரை கண்காணிப்புக் கோபுரத்தில் இருப்பவர் அதே சரிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புகை தெரிந்ததும் கேள்விகள் தொடங்குகின்றன. சரிவின் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது? அடிவாரம் என்றால் மேலே முழுச் சரிவும் அதற்கு இரை. உச்சி என்றால் போக இடம் குறைவு. தெற்கு பார்த்த சரிவா, வடக்கு பார்த்ததா? தெற்குச் சரிவு வெயிலில் காய்ந்துகிடக்கும். சுற்றிலும் பாறையா, புல்லா, விழுந்து கிடக்கும் மரமா? காற்று அடிக்கும் திசையில் எத்தனை மைலில் வீடு இருக்கிறது? போகிறவர்கள் திரும்பி ஓட வழி உண்டா? இவை எல்லாம் அவசியமான கேள்விகள்தான். ஆனால் என் பார்வையில் இவற்றுக்கு முன்னால் நிற்க வேண்டியது வேறொன்று: இன்றைக்குத் தேதி என்ன? அந்த மலைகளில் தீக்காலத்தை முடித்துவைப்பது மனிதர் அல்ல, இலையுதிர்கால மழையும் பனியும். அது வர இன்னும் எத்தனை வாரம்?

பேட் லக் தீ ஆகஸ்ட் நடுவில் பிடித்தது. மழைக்காலம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அடுத்த ஆண்டு அதே பள்ளத்தாக்கில், அதே ஆகஸ்ட் மாதம் பிடித்த வேறொரு தீ ஒன்றரை மாதம் எரிந்து ஆயிரம் ஏக்கருக்கு மேல் தின்றது. திட்ட எல்லையைத் தாண்டிய பக்கத்தில் மட்டும் ஆளிறக்கி அணைத்தார்கள், உள்ளே எரிந்ததைத் தொடவில்லை.

இனி 1988. அதே ஆர்வில் டேனியல்ஸ் அப்போது மொன்டானாவின் லோலோ வனக்கோட்டத்துக்குத் தலைமை அதிகாரி. ஜூன் 25 அன்று ஸ்கேப்கோட் வனாந்தரத்தில் மின்னல் தீ பிடித்தது. கேன்யன் க்ரீக் தீ என்று பெயர். இதையும் எரியவிட்டார். வாரக்கணக்கில் அது சாதுவாகவே இருந்தது. ஆனால் ஜூன் கடைசியில் பிடித்த தீக்கு முன்னால் ஜூலை முழுதும், ஆகஸ்ட் முழுதும் கிடந்தன. அந்த ஆண்டோ யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவே பற்றியெரிந்த வறட்சி ஆண்டு. செப்டம்பர் 6 இரவு, உயரத்தில் ஓட வேண்டிய பலத்த காற்று தரைக்கு இறங்கியது. சுமார் 16 மணி நேரத்தில் 1,80,000 ஏக்கர் எரிந்தது. மலையைத் தாண்டி, புல்வெளிக்கு வந்து, பண்ணைகள்வரை தீ வந்துவிட்டது. ஐந்தாறு நாளில் பனி பெய்தது. இடையில் இருந்த அந்த ஓர் இரவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அப்படியானால் எல்லாவற்றையும் முதல் நாளே அணைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆளை அனுப்புவதும் இலவசமல்ல. 1949 ஆகஸ்ட் 5, இதே மொன்டானாவில் மான் கல்ச் பள்ளத்தாக்கு. மின்னலில் பிடித்து 60 ஏக்கர் அளவில் இருந்த தீயை அணைக்கத் தீயணைப்பு வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். காற்று திரும்பியது, தீ சரிவேறி அவர்களைத் துரத்தியது. 13 பேர் மாண்டார்கள். தீயே வராவிட்டாலும் அடிப்பகுதி கருகி நிற்கும் பட்டமரம் சத்தமில்லாமல் சாயும். இரண்டு பேர் போய், ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண்வெட்டியுமான புலாஸ்கியால் மட்கை வெறும் மண் தெரியும்வரை வெட்டி, சாம்பலுக்குள் வெறுங்கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு மரத்துத் தீக்கும் இது ஒரு நாள், இரண்டு நாள் வேலை.

எரியவிடுவதால் பலனும் உண்டு. கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் இலிலுவெட் ஓடைப் படுகையில் 1970-களிலிருந்து மின்னல் தீயைப் பெரும்பாலும் விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கே இப்போது அடர்காடு, புல்வெளி, புதர் என்று மாறி மாறி இருக்கிறது. சமீபத்தில் எரிந்த இடத்தை எட்டும் புதுத் தீ பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தக் காட்டை எனக்குப் பிடித்திருக்கிறது. தீயை முழுவதுமாகத் துரத்திய காடுகள் இன்று விறகு அடுக்கிவைத்த கிடங்காகக் கிடக்கின்றன.

2021 ஜூலை 4. கலிஃபோர்னியாவின் மொகெலம்னி வனாந்தரத்தில் மின்னல் தீ. டாமரக் தீ என்று பெயரிட்டார்கள். ஜூலை 10 அன்று வனத்துறை கொடுத்த விவரம்: கால் ஏக்கர், சுற்றிலும் கருங்கல் பாறை, பக்கத்தில் சிறு ஏரி, எரிய அதிகம் ஒன்றுமில்லை. கரடுமுரடான இடம் என்பதால் பாதுகாப்புக் கருதி ஆளை அனுப்பவில்லை, கண்காணிப்பு மட்டும். அன்றைய தேதியில் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஜூலை 16-ல் காற்று கிளம்பியது. மார்க்லிவில் ஊரைக் காலி செய்தார்கள். தீ நெவாடா மாநிலத்துக்குள் புகுந்தது. வீடுகள் போயின. கடைசிக் கணக்கு 68,637 ஏக்கர்.

அந்தத் தீயை எடைபோட்டவர்கள் பாறையைச் சரியாகப் பார்த்தார்கள், ஏரியைச் சரியாகப் பார்த்தார்கள். ஜூலை 4 என்பதைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பது என் எண்ணம். மொகெலம்னி இருக்கும் சியரா மலையில் தீக்காலம் முடிய அன்றைக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. வறட்சி ஆண்டு வேறு. நாடு முழுவதும் தீயணைப்பு ஆள்கள் ஏற்கெனவே பெருந்தீக்களில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று வனத்துறைத் தலைவர் ராண்டி மூர், காட்டின் நன்மைக்காக எரியவிடுவதை அப்போதைக்கு நிறுத்திவைத்தார்.

அந்த நிறுத்தம் நிரந்தரமாகியிருந்தால் தவறாகப் போயிருக்கும். இலிலுவெட் போன்ற இடங்களுக்குத் தீ வேண்டும். ஆனால் கோடைத் தொடக்கத்தில் பிடித்த தீயை விட்டுவைப்பதானால், மழை வரும்வரை ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கவும், காற்று மாறும் அன்றைக்கே கைவைக்கவும் ஆள் ஒதுக்கியிருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத வறட்சி ஆண்டில், உயிருக்கு ஆபத்தில்லாமல் நெருங்க முடிகிற தீயைக் கால் ஏக்கரிலேயே அணைப்பதுதான் சரி.