விசா வேண்டாம் என்றால் என்ன பொருள்?

பீர்மேட்டில் பஸ் ஏறிக் கிழக்கே போனால் வண்டிப்பெரியாறு வரும். அதைத் தாண்டினால் குமுளி. குமுளியோடு கேரளம் முடிகிறது. மலை இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம். அது தமிழ்நாடு.

கம்பம் பக்கத்திலிருந்து காலையில் ஜீப் ஜீப்பாக ஆட்கள் மலை ஏறுகிறார்கள். ஏலத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். மாலையில் இறங்கிவிடுகிறார்கள். செக்போஸ்டில் வண்டியைச் சோதிப்பார்கள். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஆனால், "எதற்கு வந்தாய்? எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்பதில்லை. இந்தியக் குடிமக்கள் நாட்டுக்குள் எங்கும் போகலாம், வரலாம். இது அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு தந்த உரிமை.

2020-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? கொரோனா வந்தபோது குமுளியைக் கடக்கவும் பாஸ் கேட்டார்கள். கம்பத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கவும் அனுமதி வேண்டியிருந்தது. அனுமதி இல்லாதவர்கள் எல்லையிலேயே நின்றார்கள். அந்த நிலை பிறகு மாறிவிட்டது. ஆனால் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையே உள்ள எல்லை எப்போதுமே அப்படித்தான் இருக்கும்.

வெளிநாடு போக முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் என்பது நம் நாட்டு அரசு தரும் புத்தகம். "இவர் எங்கள் நாட்டுக் குடிமகன்" என்று அது சொல்கிறது. விசா அப்படி அல்ல. விசா என்பது நாம் போகும் நாடு தரும் அனுமதி. "இவர் எங்கள் நாட்டுக்கு இந்தக் காரியத்திற்காக வரலாம்" என்று அது சொல்கிறது. ஒன்று நம் வீட்டார் தருவது. மற்றது விருந்துக்குப் போகும் வீட்டார் தருவது.

சில நாடுகள், சில நாட்டு மக்களுக்கு, "முன்கூட்டி விசா வாங்க வேண்டாம், நேரே வாருங்கள்" என்று சொல்லும். இதைத்தான் விசா இல்லாத நுழைவு என்கிறார்கள். மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு இந்தச் சலுகையைத் தந்தது. 30 நாள் வரை இருக்கலாம். இந்தச் சலுகை பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இப்படிப்பட்ட சலுகைகள் தேதி வைத்துத் தரப்படுபவை. ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் அப்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலேசியா நமக்குப் புதிய ஊர் அல்ல. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்த காலம் ஒன்று இருந்தது. சிலரை இந்த மலைக்குத் தேயிலைத் தோட்டத்திற்குக் கூட்டி வந்தார்கள். சிலரை நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் கப்பல்கள் மலாயாவுக்குப் போயின. அங்கே ரப்பர் தோட்டம். 1938-ல் இந்திய அரசு இப்படி ஆள் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் போய்விட்டார்கள். பின்னாளில் ரஜூலா என்ற கப்பலும், சிதம்பரம் என்ற கப்பலும் உறவினர்களை ஏற்றிக்கொண்டு அங்கும் இங்கும் போய் வந்தன. சிதம்பரம் கப்பல் 1985-ல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணமும் நின்றது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இன்று மலேசியக் குடிமக்கள். நம் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அங்கே சொந்தம் உண்டு.

ஆகவே, "மலேசியாவுக்கு விசா வேண்டாமாம்" என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பியதும் பலருக்கு ஆசை வருவது இயல்பு. சொந்தத்தைப் பார்க்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வேறு சிலர் காதில் வேறு பேச்சு விழுகிறது. "விசா வேண்டாம். டிக்கெட் மட்டும் போதும். போய் இறங்கு. ஓட்டலில் வேலை இருக்கிறது. பிறகு பெர்மிட் வாங்கிக்கொள்ளலாம்." ஏஜெண்டு என்று சொல்லிக்கொள்பவர் இப்படிப் பேசுவார். பீர்மேடு வட்டாரத்தில் 2000-க்குப் பின் பல தோட்டங்கள் மூடிக் கிடந்தன. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போகிறார்கள். அவர்களிடம் இந்தப் பேச்சு எளிதில் எடுபடும்.

இந்தப் பேச்சில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி பொய். விசா இல்லாமல் போகிறவர் விருந்தாளி. சுற்றிப் பார்க்கலாம். உறவினர் வீட்டில் தங்கலாம். கல்யாணத்திற்குப் போகலாம். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகலாம். வேலை மட்டும் செய்யக் கூடாது. ஒரு நாள் கூலி வேலையும் கூடாது. வேலைக்கு அங்கே தனி அனுமதி இருக்கிறது. அதை இங்கிருந்தே முறைப்படி வாங்க வேண்டும்.

30 நாள் தாண்டித் தங்கினால் என்ன ஆகும்? மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி அது குற்றம். 10,000 ரிங்கிட் என்ற அளவில் அபராதம் உண்டு. ஐந்து ஆண்டு வரை சிறையும் உண்டு. பிடிபட்டவர்களைத் தடுப்பு முகாமில் வைப்பார்கள். பிறகு திருப்பி அனுப்புவார்கள். பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அதன்பின் சொந்தத்தைப் பார்க்கவும் போக முடியாது. அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பவருக்குக் கூலி தராமல் ஏமாற்றுவதும் சுலபம். அவர் போலீசில் போய்ச் சொல்ல முடியாது அல்லவா?

2022-ல் இதைவிட மோசமானது நடந்தது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிப் பல இளைஞர்களை அழைத்துப் போனார்கள். சுற்றுலாப் பயணிகளைப் போல இறங்கியவர்களை எல்லை கடத்தி மியான்மரில் மியாவாடி என்ற இடத்தில் அடைத்தார்கள். டெலிபோனிலும் இன்டர்நெட்டிலும் மற்றவர்களை ஏமாற்றும் வேலை செய்யச் சொன்னார்கள். மறுத்தவர்களைத் துன்புறுத்தினார்கள். அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். அரசு தலையிட்டு அவர்களில் பலரை மீட்டது.

சரி, முறையாகப் போய் வர என்ன செய்ய வேண்டும்?

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து எடுக்கும் தொழிலாளி. அவருடைய பெரியப்பா மகள் மலேசியாவில் கிள்ளான் ஊரில் இருக்கிறார். அந்த வீட்டில் கல்யாணம். இந்த அக்கா பதினைந்து நாள் போய்வர விரும்புகிறார்.

முதலில் பாஸ்போர்ட். அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் போடலாம். 36 பக்கம் உள்ள, பத்து ஆண்டுக்குச் செல்லும் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். ஆதார், வாக்காளர் அட்டை, பிறந்த தேதிச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இங்கேதான் நம் மக்களுக்குச் சிக்கல். ஒரு அட்டையில் பெயர் மலையாள உச்சரிப்பில் இருக்கும். இன்னொன்றில் தமிழ் உச்சரிப்பில் இருக்கும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால். இதை முதலில் சரி செய்துகொண்டு விண்ணப்பித்தால் அலைச்சல் மிச்சம். பிறகு போலீஸ் விசாரணை வரும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும் என்பது அதன் பொருள். 18 நாடுகளுக்கு இந்த விதி உண்டு. வளைகுடா நாடுகள் அதில் அடங்கும். மலேசியாவும் தாய்லாந்தும் அதில் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு தேறியவருக்கும், 50 வயது கடந்தவருக்கும் இந்தக் குறிப்பு வராது. சாட்சரதா மிஷன் நடத்தும் பத்தாம் தரச் சமநிலைத் தேர்வு தேறியவர்கள் அந்தச் சான்றிதழை விண்ணப்பத்தோடு மறக்காமல் காட்ட வேண்டும்.

ஈ.சி.ஆர். என்ற குறிப்பைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். படிப்புக் குறைந்தவர்களை ஏஜெண்டுகள் ஏமாற்றக் கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டம் செய்த ஏற்பாடு அது. உறவினரைப் பார்க்கப் போக இந்த அனுமதி தேவையில்லை. ஆனால் விமான நிலையத்தில் அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்கலாம். "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்பார். திரும்பி வரும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்தாயிற்று. அது இன்னும் எத்தனை நாள் செல்லும் என்று பார்க்க வேண்டும். மலேசியாவில் இறங்கும் நாளில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். அடுத்து, போக வர இரண்டுக்கும் டிக்கெட். பின்பு, தங்கும் வீட்டின் முழு முகவரி, போன் நம்பர். உறவினர் எழுதிய அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது. கல்யாணப் பத்திரிகையையும் எடுத்துக்கொள்ளலாம். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட ரிங்கிட் நோட்டோ பாங்க் கணக்கு விவரமோ வேண்டும்.

இன்னொரு வேலை இருக்கிறது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவில் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் ஒரு வருகை அட்டையை இன்டர்நெட்டில் நிரப்ப வேண்டும். பெயர், பாஸ்போர்ட் நம்பர், விமான நம்பர், தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுவே நிரப்பிவிடும். நிரப்பியதை ஒரு தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் தீராது.

புறப்படும் முன் ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் தரும் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைக்காதீர்கள். "என் தம்பிக்கு ஊறுகாய், கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கஞ்சா முதலிய போதைப் பொருள் கடத்தினால் மலேசியாவில் மரண தண்டனை வரை உண்டு. உங்கள் பையில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

விமானம் கோலாலம்பூரில் இறங்குகிறது. எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். அக்காவின் முறை வருகிறது. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். விரல் ரேகை எடுக்கிறார். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்கிறார். பதில் நீளமாகச் சொல்ல வேண்டாம். "பெரியப்பா மகள் வீட்டுக் கல்யாணம். கிள்ளானில் தங்குவேன். பதினைந்தாம் நாள் திரும்புவேன்." அவ்வளவுதான். மொழி தெரியாவிட்டால் அச்செடுத்த தாள்களையும் பத்திரிகையையும் நீட்டலாம்.

விசா வேண்டாம் என்பதால் கட்டாயம் உள்ளே விடுவார்கள் என்று நினைக்கக் கூடாது. விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அந்த மேசையில் இருப்பவர்தான். பதில் முன்னுக்குப்பின் முரணாக இருந்தால், திரும்பும் டிக்கெட் இல்லாவிட்டால், அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடலாம். டிக்கெட் பணம் போனது போனதுதான். சொல்லிக்கொடுத்த பொய்யை ஒப்பிக்கும் பையன்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

உள்ளே போனதும் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். நாள் எண்ணும்போது இறங்கிய நாளையும் சேர்த்து எண்ணுவது பாதுகாப்பு. மார்ச் 5-ல் இறங்கினால் ஏப்ரல் 3-தான் முப்பதாவது நாள். ஒரு மாதம் என்றால் ஏப்ரல் 5 என்று பலர் நினைப்பார்கள். அந்த இரண்டு நாளில் குற்றவாளி ஆகிவிடுவோம்.

எல்லா நாட்டுக்கும் ஒரே விதி இல்லை. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக வாக்காளர் அட்டையும் செல்லும். 15 வயதுக்கும் 65 வயதுக்கும் இடைப்பட்டவர்களின் ஆதார் அட்டை மட்டும் அங்கே செல்லாது. அந்த நாட்டுக்காரர்களும் இங்கே விசா இல்லாமல் வரலாம். ஆனால் தேக்கடிக்கு யானை பார்க்க வரும் வெள்ளைக்காரர் விசா வாங்கித்தான் வருகிறார். அவரைத் தங்க வைக்கும் குமுளி வீட்டுக்காரர், 24 மணி நேரத்திற்குள் அந்த விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உண்மையிலேயே வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் அரசிடம் பதிவு செய்த ஏஜெண்டிடம் மட்டும் போக வேண்டும். அவருக்குப் பதிவு எண் இருக்கும். இ-மைகிரேட் என்ற அரசுத் தளத்தில் அந்த எண்ணைச் சரி பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. வரி மட்டும். லட்சக் கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேலை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, யார் முதலாளி என்று அதில் இருக்க வேண்டும். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேரள அரசின் நோர்க்கா அமைப்புக்குப் போன் செய்யலாம். எண் 1800 425 3939. மத்திய அரசின் உதவி மையத்தின் எண் 1800 11 3090. இரண்டுக்கும் இந்தியாவுக்குள் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், டிக்கெட், தங்கும் முகவரி எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தூர தேசத்தில் பாஸ்போர்ட் தொலைந்தால், கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.