கணினி விடுக்கும் தொலைபேசி அழைப்பு

தொலைவிலுள்ள ஒருவரை அழைத்தற்கு இடையே மற்றொருவர் வேண்டியிருந்த காலம் ஒன்றுண்டு. அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876 ஆம் ஆண்டிலே தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றபின், இணைப்பகத்திலிருந்த பணியாளரே கம்பிகளைக் கையால் இணைத்து வந்தனர். 1891 ஆம் ஆண்டில் அமெரிக்கரான அல்மன் ஸ்ட்ரோஜர் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். இடைநின்ற பணியாளர் படிப்படியாக மறைந்தனர். எனினும், எண்ணைச் சுழற்றும் விரல் மனிதருடையதாகவே இருந்தது. இன்று அவ்விரலும் வேண்டப்படுவதில்லை. இணையத்தில் இயங்கும் செயலியே அழைப்பை விடுத்து, பேசி, மறுமொழியும் பெறுகின்றது. இஃது இயலும் முறையும், இதனை அமைப்போரின் பொறுப்பும் ஈண்டு நோக்கற்பாலன.

இணையமும் தொலைபேசி வலையமைப்பும் வெவ்வேறு மரபிற் பிறந்தவை. முன்னையது செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்தனுப்புவது. பின்னையது எண்முறைக்கு மாறியபோது, குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து ஒரே சீராகச் செலுத்துவதாயிற்று. இவ்விரண்டினையும் இணைக்கும் வாயிலொன்று வேண்டும். 2008 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ட்விலியோ, அவ்வாயிலைக் கட்டணத்துக்கு வழங்கும் நிறுவனங்களுள் ஒன்றாகும்.

மருத்துவமனை ஒன்று, மறுநாள் வரவேண்டிய நோயாளருக்கு நினைவூட்டல் செய்ய விரும்புவதாகக் கொள்வோம். செயலியை அமைப்பவர் முதலில் இத்தகைய நிறுவனத்திற் கணக்குத் திறந்து, எண்ணொன்றைப் பெறுகின்றார். அழைப்பு விடுக்கும்போது செயலி அச்சேவைக்கு மூன்று செய்திகளை அனுப்புகின்றது. அவை, நோயாளரின் எண், அழைப்பவரின் எண், மேற்கொண்டு கட்டளை பெறுதற்குரிய இணைய முகவரி என்பனவாம். நோயாளர் அழைப்பை ஏற்றவுடன், சேவை அம்முகவரியை நாடி, இனிச் செய்யவேண்டுவது யாது என வினவுகின்றது. இவ்வசனத்தைப் பேசுக, விசையழுத்தத்துக்குக் காத்திருக்க எனச் செயலி விடையளிக்கின்றது. நோயாளர் 1 ஐ அழுத்தின், அவ்விலக்கம் செயலியை அடைய, அடுத்த கட்டளை பிறக்கின்றது. எனவே, ஓர் அழைப்பென்பது தொடர்ந்து நிகழும் வினாவிடையேயாம்.

இவ்வினா புறத்திருந்து வருவதால், அம்முகவரி இணையத்தில் எவ்விடத்திருந்தும் அடையத்தக்கதாதல் வேண்டும். தம் கணினிக்குள் மாத்திரம் வழங்கும் முகவரியைக் கொடுத்துவிட்டு, அழைப்பு இயங்காமை கண்டு மயங்குவது தொடக்கநிலையினர்க்கு இயல்பு. மேலும், அழைப்பு ஏற்கப்படாமலும் போகலாம். எண் வேறோர் அழைப்பில் ஈடுபட்டிருக்கலாம். மனிதருக்குப் பதிலாகப் பதிவுப்பொறி விடையளிக்கலாம். ஒவ்வொன்றற்கும் செய்யவேண்டுவது முன்னரே எழுதப்படல் வேண்டும். அன்றேல், சென்றடையாத நினைவூட்டல் சென்றதாகக் கணக்கிடப்படும், நோயாளர் வராதொழிவர்.

கணக்கின் மறைசொல் காக்கப்படவேண்டியது பிறிதொன்று. அதனை உலாவியிற் காட்டப்படும் பக்கத்தில் எழுதிவைப்பின், காண்போர் எவரும் உரிமையாளர் செலவில் அழைப்புகளை விடுக்கலாம். ஆதலின், அது வழங்கியிலேயே மறைந்திருத்தல் வேண்டும்.

இவற்றினும் மேலானது அழைக்கப்படுவோரின் இசைவு. தானாக எண் சுழற்றும் கருவிகளையும் பதிவுசெய்த குரலையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை அமெரிக்கா 1991 ஆம் ஆண்டில் இயற்றியது. செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்ட குரலும் அச்சட்டத்துக்கு உட்பட்டதென அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு 2024 ஆம் ஆண்டில் அறிவித்தது.

பழைய இணைப்பகப் பணியாளர், அழைப்பு உரியவரைச் சேர்ந்ததா என அறிந்தனர். அகால வேளையையும் உணர்ந்தனர். பொறிக்கு அவ்வுணர்வில்லை. நள்ளிரவிலும் ஆயிரம் வீடுகளின் மணியை அது தயங்காது ஒலிக்கச் செய்யும். எனவே, மறைந்த அப்பணியாளரின் விவேகத்தையும் கட்டளைகளோடு சேர்த்து எழுதிவைப்பதே செயலி அமைப்போரின் தலையாய கடனாகும்.