ஆன்சன் தொகுதி, சிங்கப்பூர்

ஆன்சன் என்பது சிங்கப்பூரின் நகர மையத்தில், துறைமுகத்தை ஒட்டி அமைந்திருந்த ஒரு முன்னாள் தேர்தல் தொகுதி ஆகும். 1959 முதல் 1988 வரை இருந்த இத்தொகுதி பரப்பளவிலும் வாக்காளர் எண்ணிக்கையிலும் சிறியது. எனினும் இங்கு 1961, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் மூன்று இடைத்தேர்தல்கள் நடைபெற்றன. அவற்றுள் இரண்டு அந்நாட்டின் அரசியல் போக்கையே மாற்றின. முதலாவதில் வெற்றி வேறுபாடு 546 வாக்குகள். மற்றொன்றில் 653 வாக்குகள்.

பெயரும் அமைவிடமும்

தஞ்சோங் பகார் வட்டாரத்தில் உள்ள ஆன்சன் சாலையின் பெயரே தொகுதிக்கும் வழங்கியது. நீரிணைக் குடியேற்றங்களில் உயர் பதவி வகித்த ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சிபால்டு ஆன்சனின் நினைவாக அச்சாலைக்கு இப்பெயர் இடப்பட்டது. கப்பல்துறை, கிடங்குகள், தொடர்வண்டி நிலையம், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவை நிறைந்திருந்த பகுதி இது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரும் இங்கு வாழ்ந்தனர். கப்பல்துறையில் உழைத்த தமிழர்களும் அவர்களுள் அடங்குவர்.

நகர மன்றம் மறைந்த பின்னணி

ஆன்சனின் வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரு செய்தியை முதலில் அறிய வேண்டும். சிங்கப்பூரில் ஒரு காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் இருந்தது. 1957 டிசம்பரில் அதன் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. ஓங் எங் குவான் மேயரானார். 1959இல் மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வந்ததும் நகர மன்றத்தின் பணிகளை அரசே ஏற்றுக்கொண்டது. அதன்பின் உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்று அங்கு நடைபெறவில்லை.

இதனால் வீடு, சாக்கடை, பேருந்துக் கட்டணம் போன்ற அன்றாடக் குறைகளைச் சொல்லவும் மக்களுக்கு இருந்த ஒரே வாக்குச்சீட்டு சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குச்சீட்டுதான். ஒரு தெருவின் குறை நாட்டின் அரசியலை அசைக்கும் நிலை இப்படித்தான் உருவானது.

1959 தேர்தலும் 1961 இடைத்தேர்தலும்

1959 மே 30 அன்று சட்டமன்றத்தின் 51 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. வாக்களிப்பது கட்டாயமாக்கப்பட்ட முதல் பொதுத்தேர்தல் இது. மக்கள் செயல் கட்சி 43 இடங்களைப் பிடித்தது. புதிதாக உருவாக்கப்பட்ட ஆன்சனில் அக்கட்சியின் பகாருதீன் முகமது அரிஃப் வென்றார்.

1961இல் அவர் மறைந்ததால் ஜூலை 15 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சி மகமூது அவாங்கை நிறுத்தியது. அவரை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் பாட்டாளிக் கட்சியை நிறுவிய டேவிட் மார்ஷல். இவர் 1955–56இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்தவர். மலாயாவுடன் இணைவது பற்றிய கருத்து வேறுபாடு ஆளுங்கட்சிக்குள் முற்றியிருந்த நேரம் அது. கட்சியின் இடதுசாரி அணியினர் வெளிப்படையாகவே மார்ஷலை ஆதரித்தனர். மார்ஷல் 3,598 வாக்குகளும் மகமூது அவாங் 3,052 வாக்குகளும் பெற்றனர்.

சில நாள்களில் பிரதமர் லீ குவான் யூ சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்புக் கோரினார். அவரது கட்சி உறுப்பினர்கள் 13 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினர். நீக்கப்பட்ட அவர்கள் பாரிசான் சோசலிஸ் கட்சியைத் தொடங்கினர். 51 பேர் கொண்ட அவையில் ஆளுங்கட்சியின் பலம் 26ஆகச் சுருங்கியது. பிளவுக்கான காரணங்கள் ஆன்சனுக்கு வெளியே இருந்தன என்றாலும், அது வெளிப்பட்ட இடம் ஆன்சன்தான்.

ஆளுங்கட்சியின் கோட்டை (1963–1981)

1963 தேர்தலில் மார்ஷல் சுயேச்சையாக நின்று தோற்றார், வைப்புத்தொகையையும் இழந்தார். மக்கள் செயல் கட்சியின் பெ. கோவிந்தசாமி வெற்றி பெற்று நீண்ட காலம் இத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1968 தேர்தலைப் பாரிசான் சோசலிஸ் புறக்கணித்ததால் 58 இடங்களில் 51 இடங்களுக்குப் போட்டியே இருக்கவில்லை. 1968, 1972, 1976, 1980 ஆகிய நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களையும் ஆளுங்கட்சியே வென்றது.

கோவிந்தசாமியின் மறைவுக்குப் பின் 1979 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில், தொழிற்சங்கத் தலைவரான தேவன் நாயர் வென்றார். 1980 பொதுத்தேர்தலில் அவர் ஏறத்தாழ 84 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். ஆளுங்கட்சிக்கு இதைவிடப் பாதுகாப்பான தொகுதி இருக்க முடியாது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

1981 இடைத்தேர்தல்

1981 அக்டோபரில் தேவன் நாயர் நாட்டின் அதிபரானார். காலியான இடத்துக்கு அக்டோபர் 31 அன்று இடைத்தேர்தல் நடைபெற்றது. ஆளுங்கட்சி அரசியலுக்குப் புதியவரான பாங் கிம் ஹினை நிறுத்தியது. தேர்தல் பணிகளுக்குப் பின்னாளில் பிரதமரான கோ சோக் தோங் பொறுப்பேற்றார். பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் எதிர்த்து நின்றார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞரான இவர், 1972 முதல் ஐந்து முறை வெவ்வேறு தொகுதிகளில் போட்டியிட்டுத் தோற்றவர்.

முடிவு வருமாறு:

ஜெயரத்தினம் (பாட்டாளிக் கட்சி): 7,012 வாக்குகள்
பாங் கிம் ஹின் (மக்கள் செயல் கட்சி): 6,359 வாக்குகள்
ஹர்பன்ஸ் சிங் (ஐக்கிய மக்கள் முன்னணி): 131 வாக்குகள்

தனி நாடான பின் நடந்த தேர்தல்களில் வென்ற முதல் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயரத்தினமே.

ஓராண்டுக்குள் 84 விழுக்காடு 47 விழுக்காடாகச் சரிந்தது எப்படி? பேருந்துக் கட்டணமும் வீட்டு விலையும் உயர்ந்தது நாடு முழுவதற்கும் பொதுவான குறை. ஆன்சனுக்கே உரிய குறை ஒன்றும் இருந்தது. தொகுதிக்குள் பிளேர் பிளெயின் பகுதியில் துறைமுக ஆணையத்தின் ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. துறைமுக விரிவாக்கத்துக்காக அங்கிருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீடு கிடைக்குமா என்ற கவலை அக்குடும்பங்களை வாட்டியது. 653 வாக்குகளில் முடிவாகும் ஒரு தொகுதியில், சில குடியிருப்புக் கட்டடங்களின் மனத்தாங்கலே போதுமானதாக இருந்தது.

1984 தேர்தல்

ஆன்சன் முடிவுக்குப் பின் அரசியலமைப்பில் ஒரு திருத்தம் வந்தது. எதிர்க்கட்சிகள் போதிய இடங்களை வெல்லாவிட்டால், தோற்றவர்களுள் அதிக விழுக்காடு வாக்குப் பெற்றோரைத் தொகுதியில்லா உறுப்பினர்களாக நாடாளுமன்றத்தில் அமர்த்தலாம் என 1984இல் வகை செய்யப்பட்டது. எதிர்க்குரலுக்கு இடம் தருவது இதன் நோக்கம் என்று அரசு கூறியது. எதிர்க்கட்சிக்கு வாக்களிக்கும் தேவையைக் குறைப்பதே நோக்கம் என்று எதிர்ப்பாளர்கள் கூறினர்.

1984 டிசம்பர் 22 பொதுத்தேர்தலில் ஜெயரத்தினம் 56.8 விழுக்காடு வாக்குகளுடன் ஆன்சனைத் தக்கவைத்தார். 1981 வெற்றி தற்செயலானதன்று என்பதை இது காட்டியது. அதே தேர்தலில் பொத்தோங் பாசிர் தொகுதியில் சியாம் சீ தோங் வென்றார். 79 இடங்களில் 77 ஆளுங்கட்சிக்குக் கிடைத்தாலும் அதன் வாக்கு விழுக்காடு ஏறத்தாழ 13 புள்ளிகள் குறைந்தது.

காலியாகவே இருந்த இடம் (1986–1988)

கட்சிக் கணக்கு தொடர்பாகப் பொய்யான உறுதிமொழி அளித்தார் என்ற வழக்கில் ஜெயரத்தினத்துக்கு 1986இல் ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்றவர் ஐந்தாண்டுகள் உறுப்பினராக இருக்க முடியாது என்பது அப்போதைய அரசியலமைப்பு விதி. எனவே அவர் பதவி இழந்தார். வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். அதை எதிர்த்த மேல்முறையீட்டில், 1988இல் லண்டன் பிரிவி கவுன்சில் நீக்கத்தை விலக்கியதுடன் அவருக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டதாகவும் கருத்துரைத்தது. ஆனால் குற்றத்தீர்ப்பை நீக்கும் அதிகாரம் அந்த மேல்முறையீட்டில் இல்லாததால், இழந்த பதவி திரும்பவில்லை.

இதற்கிடையில் ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. காலியிடம் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்று அரசியலமைப்பு கூறினாலும், எவ்வளவு காலத்துக்குள் என்று அது வரையறுக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆன்சன் மக்களுக்கு நாடாளுமன்றத்தில் உறுப்பினர் இல்லை. 1988 செப்டம்பர் பொதுத்தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டபோது, ஆன்சன் தஞ்சோங் பகார் தொகுதியுடன் இணைக்கப்பட்டு மறைந்தது. பல உறுப்பினர்கள் ஓர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறையும் அதே ஆண்டில் அறிமுகமானது.

ஆன்சன் உறுப்பினர்கள்

1959–1961: பகாருதீன் முகமது அரிஃப் (மக்கள் செயல் கட்சி)
1961–1963: டேவிட் மார்ஷல் (பாட்டாளிக் கட்சி, 1963இல் கட்சியிலிருந்து விலகினார்)
1963–1978: பெ. கோவிந்தசாமி (மக்கள் செயல் கட்சி)
1979–1981: தேவன் நாயர் (மக்கள் செயல் கட்சி)
1981–1986: ஜோ. பெ. ஜெயரத்தினம் (பாட்டாளிக் கட்சி)
1986–1988: காலியிடம்

பிற்காலத் தாக்கம்

தம் ஆன்சன் வெற்றிக்குப் பின் உருவான தொகுதியில்லா உறுப்பினர் முறையின் வழியாகவே, 1997இல் ஜெயரத்தினம் மீண்டும் நாடாளுமன்றத்துக்கு வந்தார். அவர் 2008இல் மறைந்தார்.

ஆன்சன் எழுப்பிய கேள்வி, அதாவது காலியான தொகுதியின் மக்கள் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது, 2012இல் ஹவ்காங் தொகுதி காலியானபோது நீதிமன்றத்துக்குச் சென்றது. தேர்தல் நாளைத் தீர்மானிப்பதில் பிரதமருக்கு விருப்புரிமை உண்டு. ஆனால் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தலை நடத்தியே ஆக வேண்டும் என 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்தபோது ஆன்சன் என்ற தொகுதி மறைந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.