கடனாளிகளின் பாட்டு

அரசியல் பேசும் ராக் ஆல்பங்களில் பாதிக்கு மேல் யாரையாவது திட்டுபவை: அதிபரை, ராணுவத்தை, எண்ணெய் நிறுவனங்களை. ஆஸ்திரேலியாவின் 'மிட்நைட் ஆயில்' குழுவும் முதலில் அந்த ரகம்தான். மொட்டைத் தலையும் நெட்டை உருவமுமாக, சாமி வந்தவரைப் போல மேடையில் ஆடுவார் பாடகர் பீட்டர் காரெட். சட்டம் படித்தவர். 1984-ல் அணு ஆயுத எதிர்ப்புக் கட்சி சார்பில் செனட் தேர்தலில் நின்று தோற்றார். 1987-ல் வந்த 'டீசல் அண்ட் டஸ்ட்' ஆல்பத்தில்தான் குழு தன்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டது.

1985 அக்டோபரில் உலுரு பாறையும் அதைச் சுற்றிய நிலமும் பூர்வகுடிகளான அனாங்கு மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டன. அதையொட்டி உருவான ஒரு படத்துக்காக இவர்கள் எழுதியது 'தி டெட் ஹார்ட்'. மறு ஆண்டு, பாப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பைச் சேர்ந்த 'வாரும்பி பேண்ட்' குழுவோடு சேர்ந்து பாலைவனக் குடியிருப்புகளுக்குக் கச்சேரிப் பயணம் கிளம்பினார்கள். சிட்னி மதுக்கூடங்களை அதிரவைத்த சத்தம் அங்கே எடுபடவில்லை. ஊரார் ஆரவாரம் செய்தது தங்கள் மொழியில் பாடிய வாரும்பிக்கு. அந்தப் பயணத்தின் பலன் ஆல்பத்தில் நன்றாகவே தெரிகிறது. கிட்டார்களின் ஆவேசம் அடங்கி, பாட்டுக்குள் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.

ஆல்பத்தின் உயிர் 'பெட்ஸ் ஆர் பர்னிங்'. அதன் பின்னணியில் இருப்பவர்கள் பின்டுபி மக்கள். மேற்குப் பாலைவனத்தில் வாழ்ந்த இவர்களில் பலர், 1960-களில் ஏவுகணைச் சோதனைகளுக்காகவும் அரசின் குடியேற்றக் கொள்கையாலும் பாப்புன்யா போன்ற முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஒரு பகுதியினர் கின்டோருக்குத் திரும்பி, சொந்த மண்ணில் மறுபடி ஊர் அமைத்தார்கள். அந்த நிலம் யாருடையது, அதில் குடியிருப்பவர்கள் என்ன பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாட்டு கேட்கிறது. கேட்பவன் வெள்ளைக்காரன்; கேள்வியும் அவனுக்குத்தான். 'தி டெட் ஹார்ட்' எனக்கு இந்த அளவு ஒட்டுவதில்லை. அதில் பூர்வகுடிகளின் குரலை இவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு 'நாங்கள்' என்று பாடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனாலும் கடன் கொடுத்தவரின் வழக்கைக் கடனாளியே வாதாடுவதில் ஒரு நெருடல் இருக்கிறது.

வெள்ளையர் குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டை 1988-ல் கொண்டாட நாடு தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் ஆல்பம் வந்தது. 'பெட்ஸ் ஆர் பர்னிங்' பாட்டோ உலகம் சுற்றியது. அமெரிக்கத் தரவரிசையில் 17-ஆம் இடம். கனடாவிலும் நியூசிலாந்திலும் முதலிடம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலும் முதலிடம்! நடன அரங்குகளில் குதித்தவர்களில் எத்தனை பேர் நிலத்தைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்று கேட்கலாம். தாளம் அப்படி.

2000 சிட்னி ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் இதே பாட்டைப் பாடினார்கள். கறுப்பு உடைகளில் 'மன்னிப்பு' என்ற ஒற்றைச் சொல் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. பூர்வகுடிகளிடம் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்க மறுத்த பிரதமர் ஜான் ஹோவர்ட் பார்வையாளர் வரிசையில் இருந்தார்.

காரெட் 2004-ல் தொழிற்கட்சி எம்.பி. ஆனார், 2007-ல் சுற்றுச்சூழல் அமைச்சர். 2008 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டபோது அந்த அமைச்சரவையில் இருந்தார். அணுசக்தியை எதிர்த்துப் பாடிய அதே மனிதர் 2009-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு யுரேனியச் சுரங்கத்துக்கு அனுமதியும் கொடுத்தார். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். அதில் நியாயம் உண்டு. நாடும் பாக்கியைத் தீர்த்துவிடவில்லை: நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குரலைப் பூர்வகுடிகளுக்குத் தர 2023-ல் நடந்த பொதுவாக்கெடுப்பில், சுமார் 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.

ஆல்பத்தைத் தேடிக் கேட்பவர்கள் வாரும்பியையும் விட்டுவிடக் கூடாது. 1983-ல் லுரிட்ஜா மொழியில் அவர்கள் வெளியிட்டதுதான் பூர்வகுடி மொழியில் வந்த முதல் ராக் இசைத்தட்டு. மிட்நைட் ஆயிலுக்குக் கிடைத்த உலகச் சந்தையில் சிறு பங்குகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒலிம்பிக் நிறைவு விழாவில் கிறிஸ்டின் அனு பாடிய 'மை ஐலண்ட் ஹோம்' அவர்களுடைய பாட்டுதான். குழுவில் ஒருவரான நீல் மரே எழுதி, 1987-ல் வாரும்பி முதலில் பதிவுசெய்தது.