குழந்தை நாற்காலிக்கு இன்னொரு பூட்டு

சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் தேர் ஓடும்போது, வடம் பிடிப்பவர்களைவிட முட்டுக்கட்டை போடுபவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். தேர் தன்பாட்டுக்கு உருளவும் வேண்டும். நிறுத்த வேண்டிய நொடியில் கட்டை சக்கரத்தடியில் விழவும் வேண்டும்.

கார் சீட் பெல்ட்டுக்குள்ளும் அப்படியொரு முட்டுக்கட்டை உண்டு. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை வால்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் கொண்டுவந்தார். தானாகச் சுருளும் வசதி பிறகு சேர்ந்தது. பெல்ட் சுற்றியிருக்கும் உருளையின் ஓரத்தில் ஒரு பல்சக்கரம். பக்கத்தில், குழிக்குள் ஓர் எஃகு உருண்டை. பலமாக பிரேக் அடித்தால் உருண்டை முன்னோக்கி ஓடி, மேலே கிடக்கும் நெம்புகோலைத் தூக்கும். அது பல்லில் மாட்டும், உருளை நின்றுவிடும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாலும் வேறொரு கொக்கி இதே வேலையைச் செய்யும். வைகைக்கரைச் சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் வர மறுத்தால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். உருண்டை சரிந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மற்ற நேரத்தில் பெல்ட் இளகிக் கொடுக்கும். பெரியவர்களுக்கு அது சௌகரியம், குழந்தை நாற்காலிக்கு வம்பு. வாடிப்பட்டி போய் நான்குவழிச் சாலையில் ஏறுவதற்குள், ஒவ்வொரு வளைவிலும் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும்.

அதற்காகத்தான் சில கார்களில் இரண்டாவது பூட்டு. பெல்ட்டை நாற்காலிக்குள் கோத்து, கொக்கியை மாட்டி, பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க வேண்டும். உள்ளே ஒரு நெம்பு பல்சக்கரத்தின்மேல் விழும். இனி பெல்ட் உள்ளேதான் போகும், வெளியே வராது. சைக்கிளை உருட்டும்போது ஃப்ரீவீலில் கேட்கிற அதே 'டிக் டிக்' சத்தம் இங்கும் கேட்கும். நாற்காலியை முழங்காலால் அழுத்திக்கொண்டே பெல்ட்டை உள்ளே விட வேண்டும். பெல்ட் கோத்த இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து, பயணிகளின் பெல்ட்டை இப்படிக் குழந்தை நாற்காலிக்காகப் பூட்ட முடிய வேண்டும் என்பது சட்டம். நம் ஊரில் ஓடும் பல கார்களில் இது கிடையாது. அங்கே நாற்காலியிலேயே உள்ள பெல்ட் பிடிப்பானோ, காரின் இருக்கை இடுக்கிலுள்ள ஐசோஃபிக்ஸ் கம்பிகளோதான் கைகொடுக்கும்.

"மடியில் வைத்துக்கொள்கிறேனே" என்பார்கள் வீட்டில். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 0.1 நொடியில் நின்றால், 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 140 கிலோ பாரமாகி முன்னால் பாயும். எந்தக் கை தாங்கும்? 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை நாற்காலியோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194-பி பிரிவு.

இரண்டாவது பூட்டில் ஒரு வில்லங்கமும் உண்டு. பின்சீட்டில் விளையாடும் பிள்ளை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டால், அது இறுகுமே தவிர இளகாது. கொக்கியைக் கழற்றியும் விடுபடாவிட்டால் பெல்ட்டை வெட்டத்தான் வேண்டும். ஆளில்லாத இடத்துப் பெல்ட்டையும் கொக்கியில் மாட்டியே வைப்பது நல்லது.